புடலங்காய்க்குக் கட்டிய நட்டு

பாம்பு இல்லை சார். புடலங்காய். தாராளமாகக் காலை நீட்டி உட்காருங்கள்.

வேட்டியில் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். கண்டக்டரும் உங்களைப் போலத்தான் பார்த்தான். "பெருசு, உள்ள என்ன?" என்றான். "உன் மாமனார்" என்றேன். அப்புறம் லக்கேஜ் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் சாய வேண்டாம். அது வால். உடைந்தால் உடைந்ததுதான்.

நீங்கள் எங்கே? புதுக்கோட்டையா. நான் கீரனூர். அங்கே ஒருத்தனிடம் என் சாமான் ஒன்று இருக்கிறது. வாங்கப் போகிறேன். நட்டு. ஆமாம், போல்ட்டில் போடுகிற நட்டுதான். இரும்பு. கால் கிலோ இருக்கும்.

கடையில் கிடைக்கும். தெரியும். திருச்சியில் கிடைக்காத நட்டா? உங்களைக் கேட்டேனா?

எட்டு நட்டு ஒரு செட்டு. ஏழு என்னிடம். ஒன்று அவனிடம். செட்டு உடைந்து கிடப்பது எனக்குப் பிடிக்காது.

சரி, கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். ரோடு வேலை நடக்கிறது, எப்படியும் மெதுவாகத்தான் போவான். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

நான் கிரேன் ஓட்டியவன். ரோட்டில் ஊர்ந்து போகுமே, அது இல்லை. தொழிற்சாலைக்குள் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும். அதில் ஒரு கேபின். அங்கே உட்கார்ந்து இருபத்தேழு வருஷம் தூக்கினேன், இறக்கினேன். நாற்பது டன் வரைக்கும். ஒரு ஆணி கீழே விழுந்ததில்லை. தொங்குகிற பொருளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இப்போது ஊரில் ஆளாளுக்குத் தொங்கவிடுகிறார்கள். பார்த்திருப்பீர்கள். தண்ணீர் பாட்டிலை வயிற்றில் அறுத்து, சணலில் கட்டி, அதற்குள் நாலு கீரை. அதற்கு ஃபோட்டோ. எங்கள் பிளாட்டில் மாடித்தோட்டம் என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் அதைப் பார்த்தால் எனக்கு இட்லி இறங்காது. சணலில் தினமும் தண்ணீர் பட்டால் மூன்றே மாதத்தில் இற்றுப்போகும். காய்ந்த மண் ஒரு எடை, நனைந்த மண் ஒரு எடை. இது தெரியாதவன் தலைக்கு மேலே எதையும் தூக்கக் கூடாது. ஒருத்தி துப்பட்டாவில் தக்காளித் தொட்டியைக் கட்டியிருந்தாள். துப்பட்டா சார்! அதற்கு நாற்பது பேர் கைதட்டல். தூ.

எனக்கும் தரையில் போடத்தான் ஆசை. பிளாட்டுக்கு முன்னால் ஆறடி அகலத்துக்கு நல்ல மண் இருந்தது. சங்கத்துக்காரர்கள் சிமென்ட் கொட்டி பைக் நிறுத்தும் இடமாக்கினார்கள். எனக்கு மிச்சம் பால்கனி. பத்தடிக்கு நாலடி. அதில் துணி காயப்போடப் பாதி பவுனுக்கு. பவுனு என் வீட்டுக்காரி. சரி, தரை இல்லை. மேலே தளம் இருக்கிறதே?

தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்தேன். குறுக்கே இரும்புக் குழாய். குழாயில் சங்கிலி. சங்கிலியில் கொக்கி. கொக்கியில் பெயிண்ட் வாளி. மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைச் சேர்த்தேன், கனம் குறையட்டும் என்று. ஒவ்வொரு வாளியையும் தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, தராசில் தொங்கவிட்டு எடை பார்த்த பிறகுதான் மேலே ஏற்றினேன். தக்காளியை வாளியின் அடியில் ஓட்டை போட்டுத் தலைகீழாக விட்டேன். பழம் கண்ணுக்கு நேரே தொங்கும், குனியாமல் பறிக்கலாம். மிளகாய், பாகல், கத்தரி எல்லாம் அந்தரத்தில். பவுனுக்குத் துணி காயப்போட இடமும் இருந்தது. கொஞ்சம் குனிந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

புடலையை மட்டும் வெளியே விட்டேன். அது நீளம், உள்ளே தொங்கினால் இடிக்கும். வாளி உள்ளே, கொடி கம்பி வழியாகச் சுவரைத் தாண்டி வெளியே, காய் வெளியே. புடலங்காய்க்குப் பிஞ்சிலேயே கனம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். எல்லோரும் கல் கட்டுவார்கள். கல்லில் கயிறு நழுவும். நட்டில் ஓட்டை இருக்கிறது, நழுவாது. யோசித்துச் செய்தது சார். நைலான் கயிறு. முடிச்சு நான் போட்டது.

வெளியே என்றால் எங்கே என்று கேட்பீர்கள். கீழ் வீட்டு பால்கனிக்கு முன்னால். நான் மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியில் தஸ்தகீர்.

கீரனூர்க்காரன் அவன்தான். இப்போது கீரனூர்.

தஸ்தகீர் என் சிக்னல்மேன். கேபினிலிருந்து பார்த்தால் சுமையின் முதுகுதான் தெரியும். அடியில் என்ன என்று தெரியாது. கீழே ஒருத்தன் நின்று கை காட்டுவான். விரலை மேலே காட்டிச் சுற்றினால், தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால், இறக்கு. கையை விரித்தால், நில். அவ்வளவுதான் பாஷை. அவன் காட்டினால் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. "மேல இருக்கவருக்கு மூளை வேணாம்ணே, கண்ணு போதும்" என்பான். நக்கல் பிடித்தவன். பத்தொன்பது வருஷம் அவன் கையைத் தவிர வேறு கையைப் பார்த்து நான் இறக்கியதில்லை. அவன் லீவு போட்டால் நானும் லீவு.

இரண்டு பேரும் ஒரே வருஷம் ரிட்டையர் ஆனோம். ஒரே பிளாட்டில் வீடு. "மேல நீங்க, கீழ நான். பழக்கத்தை மாத்தக் கூடாது மருதைண்ணே" என்றான். அவன் சொன்னதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் காய் அவன் பால்கனிக்கு நேரே இறங்கியபோது, "அண்ணே, விருந்தாளி வந்திருக்காரு" என்று கீழேயிருந்து கத்தினான். பறித்துக்கொள் என்றேன். அவன் வீட்டுக்காரி ஹலீமா கடலைப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்து, பாதியைத் தூக்குவாளியில் மேலே அனுப்பினாள். நன்றாகத்தான் இருந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

அப்புறம் எட்டுக் காய் இறங்கியது. எட்டு நட்டு. ஒரு நாள் பால்கனியிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, காய் வேணாம்னு சொல்லல. இரும்பை அவுத்துடுங்க. தலைக்கு மேல தொங்குது" என்றான்.

"நாப்பது டன்னுக்குக் கீழ நின்னவன், கால் கிலோவுக்குப் பயப்படுறியா பாய்?" என்றேன்.

பைக் நிறுத்துகிற இடத்தில் நாலு பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"கீழ நான் எப்பண்ணே நின்னேன்? ஓரமாத்தான் நின்னேன்" என்றான்.

கேட்டீர்களா? ஓரமாக நின்றானாம்.

சார், பத்தொன்பது வருஷம் அவன் என் சுமைக்கு நேர் கீழே நிற்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். என் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன், "மருதை தூக்கினா கீழ பாய் படுத்துத் தூங்கலாம்" என்று. அப்போது முதல் பந்தியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டு சிரித்தானே! அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம் இல்லையா? தொங்குகிற சுமைக்குக் கீழே நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். இருக்கட்டும். எனக்கும் தெரியும். விதி மற்றவர்களுக்கு.

அதற்குப் பிறகு நான் நட்டை அவிழ்ப்பேனா? அவிழ்க்கவில்லை.

பவுனு கேட்டாள், "அவரு ஓரமா நின்னதுக்கு நட்டு என்னங்க பண்ணுச்சு?" பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது.

ஒரு நாள் காலையில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் கீழே, பைக் பக்கத்தில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தான். வலது கையைத் தூக்கி, விரலை மேலே காட்டிச் சுற்றினான். தூக்கு என்று.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வாளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இது தொழிற்சாலையா? என் வீடு.

அவன் கொஞ்ச நேரம் கையைத் தூக்கியபடியே நின்றான். அப்புறம் இறக்கிக்கொண்டான்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஜன்னல் பக்கம் பாருங்கள்.

எட்டில் ஒன்றை விதைக்கு விட்டேன். இருப்பதிலேயே நீளமானது. ஏழடி. கம்பி மாதிரி நேர். குழுவில் ஃபோட்டோ போட்டேன், நான் போட்ட ஒரே ஃபோட்டோ. துப்பட்டாக்காரிகூட, "அங்கிள், சூப்பர்" என்று எழுதினாள். விதைக்கு விட்டால் காய் பழுக்கும். ஆரஞ்சு நிறமாகும். கனத்தை அவிழ்த்துவிடலாம், இனி நீளப் போவதில்லை. ஆனால் அவிழ்த்தால் அவன் சொன்னதற்காக அவிழ்த்த மாதிரி ஆகிவிடும். இருக்கட்டும் என்று விட்டேன்.

ஒரு புதன்கிழமை. கீழே காய்கறி வண்டி வந்தது. தஸ்தகீர் பால்கனிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வண்டிக்காரனைக் கூப்பிட்டான். "புடலங்காய் இருக்கா?" என்று கேட்டான் சார். கண்ணுக்கு முன்னால் எட்டு தொங்குகிறது. வண்டிக்காரனிடம் கேட்கிறான். எனக்குக் கேட்க வேண்டும் என்றே கேட்டான். என்ன ஜென்மம் பாருங்கள்.

அப்போதுதான் விழுந்தது.

வலது கை. ஆட்காட்டி விரல். நட்டுக்கும் சுவருக்கும் நடுவில்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். சங்கிலி அறுந்ததா? இல்லை. கொக்கி நிமிர்ந்ததா? இல்லை. கயிறு? அப்படியே இருக்கிறது. முடிச்சு? நான் போட்ட முடிச்சு சார், அவிழுமா? காய் அறுந்தது. பழுத்துக் குழைந்து வால் பக்கம் அறுந்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? இருபத்தேழு வருஷத்தில் சுமையே அறுந்து விழுந்து நான் பார்த்ததில்லை.

நான் இறங்கிப் போனேன். போகாமல் இல்லை. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். துண்டு சிவப்பாகிக்கொண்டிருந்தது. மடியில் நட்டு. நட்டைச் சுற்றி என் கயிறு, காயின் வால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு. அதைக் காட்டி, "பாரு பாய், முடிச்சு அவுறல" என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன்?

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஹலீமா என்னென்னவோ சொன்னாள். அதை விடுங்கள்.

விரலுக்குள் கம்பி வைத்தார்கள். மடங்காது என்றுவிட்டார்கள். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு கீரனூரில் மகள் வீட்டுப் பக்கத்தில் குடிபோனான். தரைத்தள வீடாம். சாமான் ஏற்ற வண்டி வந்தது. நான் மேலே நின்று பார்த்தேன். பீரோவைப் படிக்கட்டில் இறக்கினார்கள். அவன் கீழே நின்று இடது கையால் நில் என்று காட்டுகிறான். அந்தப் பயல்களுக்கு என்ன தெரியும்? இறக்கிக்கொண்டே இருந்தார்கள். சுவரில் இடித்து, கண்ணாடி போயிற்று. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்தக் கையைப் பார்த்து இறக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான் அந்த பிளாட்டில். அவனை யாரும் கூப்பிடவில்லை.

வண்டி கிளம்பும் வரை அவன் மேலே பார்க்கவில்லை. நட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் நட்டு.

இப்போது அந்த வீட்டுக்கு வந்தவர்கள் பால்கனியில் சணலில் பாட்டில் கட்டியிருக்கிறார்கள்.

பவுனு விடுகிறாளா? "ஏழடிக்குக் காய் வளக்கத் தெரியுது. வாயில ஒரு வார்த்தை வளக்கத் தெரியல" என்கிறாள். சோறு போடும்போது ஒரு தரம், தட்டைக் கழுவும்போது ஒரு தரம். "போய்ப் பாத்துட்டு வாங்க, வெறுங்கையோட போகாதீங்க" என்றாள். சரி, நட்டை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

போன வாரமும் கிளம்பினேன். அதற்கு முந்தின வாரமும்.

இறங்கவில்லை. கூட்டம் சார், எப்படி இறங்குவது? புதுக்கோட்டை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒரு காயை டீக்கடையில் கொடுத்தேன். இன்னொன்றை சீட்டிலேயே விட்டுவிட்டேன். "பாய் சாப்பிட்டாரா?" என்று பவுனு கேட்டாள். தின்றான் என்றேன். உப்பு தூக்கல் என்றுகூடச் சொன்னேன். அவளும் ஹலீமாவும் ஃபோனில் பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பொம்பளைகளும் சேர்ந்து என்னைக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அட, பிரிக்காதீர்கள். வேட்டி முனையை விடுங்கள் என்றேனே.

பார்த்துவிட்டீர்கள். சரி, பாருங்கள். இதைப் போய் வெளியே காட்ட முடியுமா? ஜிலேபி மாதிரி. வால் எங்கே, தலை எங்கே என்று தேட வேண்டும். இதனால்தான் வேட்டியில் சுற்றினேன். இப்படி ஒரு காயை என் வாழ்நாளில் நான் வளர்த்ததில்லை.

கட்டவில்லை சார். கனம் கட்டாவிட்டால் இப்படித்தான் ஆகும். ஏழு நட்டையும் அவிழ்த்துவிட்டேன்.

எப்போதா? அன்றைக்கே. அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள். வாளியோடு கொடியையும் உள்ளே இழுத்துவிட்டேன். இப்போது பவுனு தலையில்தான் இடிக்கிறது.

கட்டுவதே இல்லை என்றால் எட்டாவது நட்டு எதற்கு என்கிறீர்கள். செட்டு சார். செட்டு! எத்தனை தரம் சொல்வது?

கீரனூர் வந்துவிட்டது போலிருக்கிறது. ஸ்டாண்டுக்குள் திருப்புகிறான். பாருங்கள், வாசலில் எத்தனை பேர். இந்தக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு இறங்கினால் நாலு துண்டாகிவிடும். பரவாயில்லை, புதுக்கோட்டைக்கே வருகிறேன். அங்கே ஒரு டீக்கடை இருக்கிறது.

டிக்கெட்டா? எடுத்திருக்கிறேன். புதுக்கோட்டைக்குத்தான் எடுத்தேன். மூன்று தரமும் அப்படித்தான். கீரனூருக்கு எடுத்தால் இறங்கியாக வேண்டும்.

சும்மா இருங்கள் சார். உங்களுக்கு என்ன தெரியும்?

யார் அது?

அந்த வெள்ளைச் சட்டை. கடைக்குப் பக்கத்தில், தொப்பி. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறானே. பவுனு சொல்லியிருக்கிறாள். வேறு யார் சொல்வார்கள்? எந்த பஸ் என்றுகூடச் சொல்லியிருப்பாள். சட்டைப் பை எப்படித் தொங்குகிறது பாருங்கள், கல்லைப் போட்ட மாதிரி. அதில்தான் வைத்திருக்கிறான். சட்டை கிழிந்தால் ஹலீமா யாரைத் திட்டுவாள்? என்னைத்தான்.

பார்த்துவிட்டான்.

வலது கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். ஏன் மறைக்கிறான்? எனக்குத் தெரியாததா அது?

இடது கை. தூக்குகிறான். விரல் கீழே. சுற்றுகிறான்.

இறக்கு என்கிறான் சார்.

இங்கே எங்கே வருகிறான்? அறிவு இருக்கிறதா? ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நிற்கிறான். நேர் கீழே. டேய், ஓரமா நில்லு பாய்! பஸ் எடுத்தா என்ன ஆகும்? ஓரமா நிக்கத் தெரியாதா உனக்கு?

நகர மாட்டேன் என்கிறான். கையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான்.

என்ன சார் செய்வது? சைகை வந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது.

நீங்கள் வாலைப் பிடியுங்கள். கம்பிக்கு நடுவில் விடலாம். வேட்டியை உருவாதீர்கள், அதோடு வரட்டும். மெதுவாக. என்னைப் பார்க்காதீர்கள், அவன் கையைப் பாருங்கள். இறக்கு என்கிறான், இறக்குங்கள். இன்னும். இன்னும். கையை விரிக்கிறான், நில்லுங்கள்! நில் என்றால் நில். ம். இப்போது இறக்கு.

என்ன பாய்? என்ன கேட்கிறே? இரும்பா? இல்லடா. வெறும் காய்தான். கோணக்காய். சிரிக்காதே, பிடி!

பிடித்துவிட்டான். ஒற்றைக் கையில். பார்த்தீர்களா?

நகருங்கள் சார், வழியை விடுங்கள். யோவ் கண்டக்டர்! விசிலை வாயில் வைக்காதே. ஆள் இன்னும் மேலேதான் இருக்கிறேன்.